புல்வெளியை மட்டும் பார்த்தவர்கள்

நியூயார்க் நகரில் கூப்பர் யூனியன் என்றொரு சிறிய கல்லூரி. 1860இல் ஆபிரகாம் லிங்கன் பேசிப் புகழ்பெற்ற அரங்கம் அதன் பழைய கட்டடத்தில் இன்றும் இருக்கிறது. 2023 அக்டோபர் 25 அன்று அதே கட்டடத்தின் நூலகத்தில் யூத மாணவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தவுடனே யூதர் என்று தெரியும் உடையில் சிலர் இருந்தார்கள். பாலஸ்தீன ஆதரவுப் போராட்டம் நடத்திய மாணவர்கள் கட்டடத்துக்குள் நுழைந்து, கல்லூரித் தலைவரின் அலுவலகம் இருந்த மாடிவரை ஏறி, பிறகு இறங்கி நூலகத்துக்கு வந்தார்கள். நூலகக் கதவுகள் பூட்டப்பட்டன. வெளியிலிருந்து கதவிலும் கண்ணாடிச் சன்னலிலும் தட்டும் சத்தம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் முழக்கத்தோடு அவர்கள். இரு தரப்பும் ஒரே கல்லூரி.

உள்ளே இருந்தவர்கள் கல்லூரிமேல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் மாடிக்குப் போயிருக்கலாம், வேறு வழியாக வெளியேறியிருக்கலாம் என்ற தொனியில் கல்லூரி வாதாடியது. 2025 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிபதி ஜான் க்ரோனன் இந்த வாதத்தைக் கேட்டுத் திகைத்ததாகவே எழுதினார். படிக்க வந்த பிள்ளையை ஒளிந்துகொள்ளச் சொல்வது பாதுகாப்பு ஆகாது, வழக்கு நடக்கட்டும் என்றார். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது. கல்லூரியில் ஒட்டப்பட்ட சுவரொட்டிகள், எழுப்பப்பட்ட முழக்கங்கள், வெளியிடப்பட்ட கடிதங்கள் எல்லாம் அரசியல் பேச்சு. அவை எவ்வளவு கசந்தாலும் அவற்றைக் காட்டிக் கல்லூரியைக் குற்றவாளி ஆக்க முடியாது. நூலகத்தில் நடந்தது வேறு கணக்கு.

யூத வெறுப்பைக் கல்லூரித் தலைவர்கள் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி அமெரிக்காவில் கடந்த சில ஆண்டுகளில் மலையளவு எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த ஒரு தீர்ப்பு போதுமானதாகத் தோன்றுகிறது. பேச்சு எது, அடைப்பு எது, மிரட்டல் எது என்று அது பிரித்துக் காட்டுகிறது. பிரிக்கத் தெரிந்த தலைவர்கள் குறைவு. தெரிந்தும், பிரித்த பிறகு செய்ய வேண்டிய அலுவலக வேலையைச் செய்தவர்கள் அதைவிடக் குறைவு.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் யூத வெறுப்பு மாணவர்களிடமிருந்து மேலே ஏறியதல்ல. நெடுங்காலம் அது தலைவர்களின் அறையிலிருந்துதான் கீழே இறங்கியது. ஹார்வர்டில் 1900இல் நூற்றுக்கு ஏழு பேராக இருந்த யூத மாணவர்கள் 1922இல் இருபதைத் தாண்டினார்கள். அப்போதைய தலைவர் ஏ. லாரன்ஸ் லோவெல் வெளிப்படையாகவே ஒரு வரம்பு கேட்டார். ஆசிரியர்கள் மறுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ‘குணநலன்’ என்ற அளவுகோலும் விண்ணப்பத்தோடு புகைப்படமும் வந்தன. எண்ணிக்கை தானாகக் குறைந்தது. முன்வாசலில் மறுத்ததைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்த கதை. ஸ்டான்ஃபோர்டு 1950களில் யூத விண்ணப்பதாரர்களை மட்டுப்படுத்தியதைப் பல ஆண்டுகள் மறுத்துவிட்டு, 2022இல் தன் குழுவே ஆவணங்களைத் தோண்டி எடுத்த பிறகு மன்னிப்புக் கேட்டது.

எமரி பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரிக் கதை இன்னும் கொடியது. 1948 முதல் 1961 வரை அங்கே படித்த யூத மாணவர்களில் பெரும்பாலோர் தோல்வி என்று வெளியேற்றப்பட்டார்கள், அல்லது ஒரே ஆண்டைத் திரும்பப் படிக்க வைக்கப்பட்டார்கள். ஒவ்வொருவரும் தன் கை சரியில்லை, தன் படிப்பு போதவில்லை என்றே நம்பினார். வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லாமல் மென்று விழுங்கியவர்கள் உண்டு. அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான பெர்ரி பிரிக்மேன், வேறு கல்லூரியில் படித்து முக அறுவை மருத்துவராகி, ஓய்வு பெற்ற பின் ஒளிப்பதிவுக் கருவியோடு பழைய சகாக்களின் வீடு வீடாகப் போனார். கிழவர்கள் முதல்முறையாகப் பேசினார்கள். 2012இல் எமரி மன்னிப்புக் கேட்டது. அந்த முதியவர்களுக்கு வேண்டியிருந்தது பெரிய அறிக்கை எதுவுமில்லை. ‘உன்மேல் தப்பில்லை’ என்று ஒரு வரியை அந்தக் கல்லூரியின் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அரசுப் பணம் வாங்கும் நிறுவனங்களில் இனம், நிறம், தேசிய மூலம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்கிறது. மதம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே யூதர் விஷயம் நீண்ட காலம் அந்தரத்தில் தொங்கியது. 2004இல் கல்வித் துறை, ஒரே மூதாதையர் வழி வந்தவர்கள் என்ற வகையில் இவர்களையும் சேர்க்கலாம் என்று விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கம் யூதருக்கு மட்டுமானதில்லை. தலைப்பாகை கட்டிய சீக்கிய மாணவருக்கும் முஸ்லிம் மாணவருக்கும் அதே குடைதான். ஒரு மாணவரின் படிப்பையே குலைக்கும் அளவுக்குத் தொல்லை வளர்ந்து, நிர்வாகம் அறிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அது சட்ட மீறல். இன்னொரு பக்கம், அரசுப் பல்கலைக்கழகங்கள் அரசமைப்பின் பேச்சுரிமைக்குக் கட்டுப்பட்டவை. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனாலும் பேச்சுரிமை தருவதாகத் தங்கள் விதிப் புத்தகத்திலேயே எழுதிக்கொண்டவை அவற்றில் பல.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 250 பேர் பணயக் கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். அதன்பின் காசாவில் இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரம் பாலஸ்தீனர் மாண்டார்கள். தாக்குதல் நடந்த அன்றே ஹார்வர்டில் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர் அமைப்புகள், நடந்த வன்முறை அனைத்துக்கும் இஸ்ரேல் ஆட்சியே பொறுப்பு என்று அறிக்கை விட்டன. நிர்வாகம் உடனே வாய் திறக்கவில்லை என்று முன்னாள் தலைவர் லாரி சம்மர்ஸ் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். புதிய தலைவர் கிளாடின் கே சில நாட்களுக்குள் ஓர் அறிக்கை, அதைத் திருத்தி இன்னொன்று, அதையும் விளக்கி மற்றொன்று என்று வெளியிட்டார். யாருக்கும் திருப்தியில்லை. கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட மாணவர்களின் முகங்களை மின்திரையில் ஓட்டியபடி ஒரு லாரி வளாகத்தைச் சுற்றி வந்தது. அந்த மாணவர்களுக்கும் அந்தக் கல்லூரி தாய்வீடாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

அப்புறம் உலகமே பார்த்த அந்த டிசம்பர் 5. பிரதிநிதிகள் சபையின் கல்விக் குழு முன் ஹார்வர்டின் கே, பென்சில்வேனியாவின் லிஸ் மகில், எம்.ஐ.டி.யின் சாலி கோர்ன்ப்ளூத் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். யூதர்களை இன அழிப்புச் செய்யச் சொல்லி அறைகூவுவது உங்கள் நடத்தை விதிக்கு எதிரானதா, ஆமா இல்லையா என்று கேட்டார் குழு உறுப்பினர் எலிஸ் ஸ்டெஃபானிக். சூழலைப் பொறுத்தது என்ற பொருளில் பதில் வந்தது. நான்கு நாளில் மகில் பதவி விலகினார். கே, ஆய்வுக் கட்டுரைகளில் பிறர் எழுத்தை எடுத்தாண்டார் என்ற புகாரும் சேர்ந்துகொள்ள, ஜனவரி 2ஆம் தேதி விலகினார். ஹார்வர்டு வரலாற்றில் அவ்வளவு குறுகிய காலம் யாரும் தலைவராக இருந்ததில்லை.

சட்டப்படி அந்தப் பதில் தவறில்லை. இதைச் சொன்னால் இன்றும் பலர் கோபப்படுவார்கள். ஒருவரை நோக்கி விரல் நீட்டிச் சொன்னதா, கூட்டத்தில் எழுந்த முழக்கமா, திரும்பத் திரும்ப வந்த தொல்லையா என்று பார்த்துத்தான் தண்டிக்க முடியும். போதாததற்கு ஸ்டெஃபானிக், ‘இன்டிஃபாடா’ என்ற அரபுச் சொல்லையே இன அழிப்பு அறைகூவலாக எடுத்துக்கொண்டு கேள்வியைக் கட்டியிருந்தார். எழுச்சி என்று பொருள் தரும் அந்தச் சொல், இரண்டாம் இன்டிஃபாடாவில் பேருந்துக் குண்டுவெடிப்புகளில் உறவுகளைப் பறிகொடுத்தவர் காதில் வேறாகத்தான் விழும். இவ்வளவையும் விளக்க ஆசிரியர் ஒருவரால் முடியும். ஆனால் மேசையில் இருந்தவர்கள் வழக்கறிஞர்கள் தயார்படுத்தி அனுப்பியவர்கள். கேயையும் மகிலையும் ஒரே பெரிய சட்ட நிறுவனம் பயிற்றுவித்ததாகச் செய்தி வந்தது. ‘அது அருவருப்பான பேச்சு, என் வளாகத்தில் அதைக் கேட்டால் நானே எழுந்து மறுப்பேன், தண்டனை தர வேண்டுமானால் விதி இன்னது’ என்று மூன்று வாக்கியம் போதும். முதல் இரண்டு வாக்கியங்களைச் சொல்ல நடத்தை விதி எதுவும் தடுக்கவில்லை.

யூத வெறுப்பு என்றால் எது என்ற வரையறைச் சண்டை இங்கேதான் நுழைகிறது. பன்னாட்டு இனப்படுகொலை நினைவுக் கூட்டமைப்பு 2016இல் ஏற்ற வரையறையில் பதினொரு எடுத்துக்காட்டுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இஸ்ரேலைப் பற்றியவை. 2021இல் அறிஞர்கள் சிலர் கூடி ஜெருசலேம் பிரகடனம் என்று மாற்று ஒன்றை முன்வைத்தார்கள்; இஸ்ரேல் மீதான அரசியல் விமர்சனத்துக்கு அது கூடுதல் இடம் தருகிறது. முதல் வரையறையின் முன்வடிவை எழுதுவதில் முக்கியப் பங்காற்றியவர் கென்னத் ஸ்டெர்ன். யூத வெறுப்பை ஆயுளெல்லாம் எதிர்த்தவர். தரவு சேகரிப்பதற்காக எழுதியதைக் கல்லூரிகளில் பேச்சை அளக்கும் கோலாக்காதீர்கள் என்று அவரே பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதையும் மீறி 2025 ஜனவரியில், வழக்குகளை முடித்துக்கொள்ளும் உடன்பாட்டின் பகுதியாக, ஹார்வர்டு அந்த வரையறையை ஏற்றது.

எனக்கு ஸ்டெர்ன் சொல்வதே சரியெனப் படுகிறது. வகுப்பில் கற்பிக்க, புகாரைப் புரிந்துகொள்ள அந்த எடுத்துக்காட்டுகள் உதவும். தண்டிக்க உதவாது. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2021இல் டேவிட் மில்லர் என்ற பேராசிரியரை நீக்கியது. சியோனிசத்தைப் பற்றி மட்டுமல்லாமல் யூத மாணவர் அமைப்புகளைப் பற்றியும் அவர் கடுமையாகப் பேசியிருந்தார். 2024 பிப்ரவரியில் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம், சியோனிச எதிர்ப்பு சட்டப் பாதுகாப்புப் பெறும் நம்பிக்கை, நீக்கம் நியாயமற்றது என்றது. தன் மாணவர்களைக் குறிவைத்துப் பேசினார் என்ற நடத்தையையே அளவோடு பிடித்திருக்கலாம். ஒரேயடியாக வேலையைப் பறித்த நிர்வாகம் கடைசியில் அவரைத் தியாகியாக்கி அனுப்பியது.

2024 ஏப்ரலில் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டக் கூடாரங்கள் வந்தன. கொலம்பியாவின் தலைவர் மினூஷ் ஷஃபீக், முன்னவர்கள் செய்த தவறைத் தானும் செய்யக் கூடாது என்ற உறுதியோடு ஏப்ரல் 17 அன்று அதே குழு முன் கடுமையாகப் பேசினார். அன்று அதிகாலையே மாணவர்கள் வளாகத்தில் கூடாரம் போட்டுவிட்டார்கள். மறுநாள் காவல்துறை வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது. பக்கத்துப் புல்வெளியில் கூடாரம் மறுபடி முளைத்தது. நாடெங்கும் பரவியது. ஏப்ரல் 30 அதிகாலை ஹாமில்டன் ஹாலை ஒரு குழு கைப்பற்றியது. 1968 மாணவர்கள் பிடித்த அதே கட்டடம். அன்றிரவே காவல்துறை சன்னல் வழியாக ஏறியது. ஆகஸ்டில் ஷஃபீக்கும் விலகினார்.

அந்த வாரங்களில் ஒரே வளாகத்தில் நடந்த இரண்டு காட்சிகள் எப்போதும் என் நினைவில் சேர்ந்தே வரும். வைதிக யூத மாணவர்களுக்கு வழிகாட்டும் ரப்பி ஒருவர், நிலைமை சீராகும்வரை வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று கைப்பேசியில் செய்தி அனுப்பினார். மறுநாள் பஸ்கா பண்டிகை. கூடாரப் புல்வெளியில் போராட்டத்தில் இருந்த யூத மாணவர்கள் தரையில் உட்கார்ந்து பண்டிகை விருந்தை நடத்தினார்கள். யூத மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தலைவர்கள் கேட்கும்போது எந்த வாசலில் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இரு வாசலிலும் கேட்டவர் அரிது.

எல்லா வளாகத்திலும் ஒரே முடிவு வரவில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா பாக்ஸன் மாணவர்களோடு உட்கார்ந்து பேசினார். இஸ்ரேல் தொடர்புள்ள நிறுவனங்களிலிருந்து முதலீட்டைத் திரும்பப் பெறும் கோரிக்கையை ஆட்சிக்குழு ஓட்டுக்கு விடும், நீங்கள் கூடாரத்தைக் கழற்றுங்கள் என்று ஒப்பந்தம். ஏப்ரல் 30 அன்று புல்வெளி காலியானது. அக்டோபரில் ஆட்சிக்குழு கோரிக்கையை நிராகரித்தது. ஓட்டுக்கு விட்டதே தவறு என்று அறங்காவலர் ஒருவர் அதற்கு முன்பே விலகியிருந்தார். ஏமாற்றிவிட்டார்கள் என்று மாணவர்கள் சொன்னார்கள். ஆனாலும் யாருடைய மண்டையும் உடையவில்லை, சொன்ன சொல்லும் காப்பாற்றப்பட்டது. நிர்வாகத்தில் இதற்கு மேல் வெற்றி என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நார்த்வெஸ்டர்னிலும் அதே போன்ற உடன்பாடு வந்தது. அங்கோ தங்களைக் கலக்கவே இல்லை என்று யூத வெறுப்புக்கு எதிரான ஆலோசனைக் குழுவில் ஏழு பேர் விலகினார்கள். பேச வேண்டியவர்களில் ஒரு தரப்பை விட்டுவிட்டுப் பேசினால் உடன்பாட்டின் மை காய்வதற்குள் அடுத்த தகராறு தொடங்கிவிடும்.

டார்ட்மத்தில் நடந்ததை எந்தப் பட்டியலில் வைப்பது என்று தெரியவில்லை. அக்டோபர் 7 முடிந்த சில நாட்களிலேயே யூதவியல் துறைத் தலைவர் சூசன்னா ஹெஷல், மத்திய கிழக்கியல் துறைத் தலைவர் தாரிக் எல்-ஆரிஸ் இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்து மாணவர்கள் முன் உரையாடினார்கள். இருக்கைகள் போதாமல் கூட்டம் வந்தது. மார்ட்டின் லூதர் கிங்கோடு செல்மாவில் நடந்த ரப்பியின் மகள் ஹெஷல். நாடு முழுக்க அதை முன்மாதிரி என்றார்கள். அதைச் சாத்தியமாக்கியது ஆண்டுக்கணக்காக இரு துறைகளும் சேர்ந்து பாடம் நடத்திய பழக்கம். நெருப்புப் பிடித்த பிறகு தோண்டிய கிணறு அல்ல அது. ஆனால் 2024 மே 1 அன்று, கூடாரம் போட்ட சில மணி நேரத்திலேயே அதே கல்லூரியின் தலைவர் காவல்துறையை அழைத்தார். கைதான சுமார் 90 பேரில், தரையில் தள்ளப்பட்ட 65 வயது வரலாற்றுப் பேராசிரியர் அனலீஸ் ஆர்லெக்கும் ஒருவர். அவர் யூதவியல் துறையின் முன்னாள் தலைவர்.

கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. எதிர்த்திசையில் தவறியது. அங்கே வளாகத்தின் நடுவே கூடாரக்காரர்கள் தடுப்பு வைத்து, சியோனிசத்தைக் கைவிடாதவர்களை விடவில்லை என்று யூத மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 30 இரவு முகமூடி அணிந்த எதிர்க்கும்பல் கம்போடும் பட்டாசோடும் கூடாரத்தைத் தாக்கியபோதும் பல மணி நேரம் யாரும் தடுக்கவில்லை. ஆகஸ்டில் நீதிபதி மார்க் ஸ்கார்சி, மத நம்பிக்கை காரணமாகச் சில மாணவர்கள் தடுக்கப்படுகிறார்கள் என்று தெரிந்தால் அந்த வசதியை யாருக்கும் தரக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டார். முதல் தடுப்பை அன்றே எடுத்திருந்தால் யூத மாணவர் வகுப்புக்குப் போயிருப்பார், கூடாரத்து மாணவரின் தலையும் தப்பியிருக்கும். இதில் பேச்சுரிமைச் சிக்கல் எதுவும் கிடையாது. வழியை மறிக்காதே என்பது எந்தக் கொடியைப் பிடித்தவருக்கும் ஒரே விதி. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைத்தால்தான் அது அரசியலாகிறது.

2025இல் கதை இன்னும் குழம்பியது. யூத வெறுப்பைத் தடுக்கத் தவறியது என்று சொல்லி டிரம்ப் அரசு மார்ச்சில் கொலம்பியாவின் 40 கோடி டாலர் நிதியை ரத்து செய்தது. ஜூலையில் 20 கோடி டாலரும், யூத ஊழியர் புகார்களுக்காக மேலும் 2.1 கோடியும் கட்ட ஒப்புக்கொண்டு கொலம்பியா சமரசமானது. ஹார்வர்டு பணியவில்லை, 220 கோடி டாலர் முடக்கப்பட்டது. சேர்க்கையிலும் நியமனத்திலும் கை வைக்கும் கோரிக்கைகள் அரசு அனுப்பிய பட்டியலில் இருந்தன. செப்டம்பரில் நீதிபதி அலிசன் பரோஸ் முடக்கம் சட்டவிரோதம் என்றார். யூத வெறுப்பு இங்கே ஒரு புகைத்திரை என்று எழுதினார். ஹார்வர்டில் யூத வெறுப்பு இருந்தது, நிர்வாகம் இன்னும் நன்றாகச் செயல்பட்டிருக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் எழுதினார். இரண்டையும் சேர்த்து வாசிப்பவர் குறைவு. அவரவருக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இதற்கிடையே வெளிநாட்டு மாணவர் சிலர் தெருவில் வைத்துப் பிடிக்கப்பட்டார்கள். மாணவர் பத்திரிகையில் எழுதிய கட்டுரைக்காகக்கூட. பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பிய நம்மூர்ப் பெற்றோர், எந்த ஊர்வலத்துக்கும் போகாதே என்று தொலைபேசியில் சொல்லத் தொடங்கிய காலம் அது.

2025 ஏப்ரல் 29 அன்று ஹார்வர்டின் இரண்டு குழுக்கள் ஒரே நாளில் அறிக்கை வெளியிட்டன. ஒன்று யூத வெறுப்பைப் பற்றியது, மற்றது முஸ்லிம், அரபு, பாலஸ்தீன மாணவர் மீதான பாகுபாட்டைப் பற்றியது. தலைவர் ஆலன் கார்பர் இரு தரப்பிடமும் மன்னிப்புக் கேட்டார். அரசியல் கருத்தைச் சொன்னால் படிப்பிலோ வேலையிலோ பின்விளைவு வரும் என்று கருத்துக்கணிப்பில் அஞ்சியவர்கள் முஸ்லிம்களில் 92 சதவீதம், யூதர்களில் 61 சதவீதம். ஒரே விடுதியில், அடுத்தடுத்த அறையில், ஒரே பயம்.

பரிந்துரைகள் என்று பார்த்தால் எல்லா அறிக்கைகளும் பயிற்சி, பாடத்திட்டம், புதிய அலுவலகம் என்று அடுக்குகின்றன. கணினியில் ஒரு மணி நேரம் பொத்தானை அழுத்தி முடிக்கும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. உலக விவகாரங்களில் நிறுவனம் கருத்துச் சொல்லாமல் இருப்பது நல்லது என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் கால்வென் அறிக்கை 1967லேயே சொன்னது. ஹார்வர்டு 2024 மே மாதம் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. நல்ல முடிவுதான். ஆனால் உலகத்தைப் பற்றி வாய் மூடும் உரிமை, தன் வளாகத்தில் நடப்பதைப் பற்றி வாய் மூடும் உரிமை ஆகிவிடாது. எனக்கு முக்கியமாகப் படுவது புகார் மேசை. கொலம்பியாவில் போராட்டத் தலைவர் ஒருவர், சியோனிஸ்டுகள் உயிர்வாழத் தகுதியற்றவர்கள் என்று 2024 ஜனவரியில் ஒழுங்கு அலுவலர்களுடனான சந்திப்பின்போதே சொன்னார். அதைத் தானே நேரலையும் செய்தார். அந்தக் காணொளி ஊரெல்லாம் பரவியபின், ஏப்ரல் கடைசியில்தான் அவர் வளாகத்துக்குள் வரத் தடை வந்தது. ஆறப்போட்டால் அடங்கும் என்று எந்த அலுவலகமும் நினைக்கும். இங்கே ஆறியது கோப்பு மட்டும்.

2024 மே 31. கொலம்பியாவில் பழைய மாணவர் சந்திப்பு வாரம். ஏப்ரல் கூடாரங்கள் போய்விட்டன. வளாகத்தில் யூதர் வாழ்வு குறித்து ஓர் அரங்கில் கலந்துரையாடல். மேடையில் இருந்தவர்கள் மாணவர்கள் படும் பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்க, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த நிர்வாகிகள் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் செய்தி தட்டிக்கொண்டிருந்தார்கள். வளாக ரப்பியின் கட்டுரையைக் குறித்து வாந்தி எடுக்கும் பொம்மைப் படங்கள். இதை வைத்து நன்றாக நிதி திரட்டலாம் என்ற கேலி. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் அந்தத் திரையைப் படம் பிடித்தார். ஜூலையில் மூன்று பேர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். யூதர்களைப் பற்றிய பழைய வசைகளின் சாயல் அதில் இருந்ததாக ஷஃபீக் எழுதினார். அன்று அந்த அரங்கத்தில் முழக்கம் இல்லை, கொடி இல்லை, யாரும் கதவைத் தட்டவில்லை. அந்த மூவரில் இருவர் மாணவர் நலனுக்கும் இளநிலை மாணவர் வாழ்வுக்கும் பொறுப்பாக இருந்தவர்கள். தொல்லை என்று வரும் மாணவர் முதலில் போய் நிற்க வேண்டிய அறைகள் அவர்களுடையவை.